பிரெஞ்சு மென்சீஸ் தட்டு: பதம் அறிந்து வாங்கவும் வெட்டவும் சுவைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சில் விருந்துச் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முக்கிய உணவின் தட்டுகளை எடுத்த பிறகு, இனிப்பு வருவதற்கு முன், சீஸ் தட்டு மேசைக்கு வரும். அதில் கடினமான சீஸ்களும் இருக்கலாம், நீலப் பூஞ்சை ஓடியவையும் இருக்கலாம். ஆனால் தட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் மென்சீஸ்களே தீர்மானிக்கின்றன. கோந்த்தே போன்ற கடின சீஸ் மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். மென்சீஸ் பொறுக்காது. அது ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கும் பொருள். அதன் உச்சப் பதம் சில நாட்களுக்குள் வந்து போய்விடும்.

அதனால்தான் எத்தனை வகை வைப்பது, திராட்சையை எங்கே அடுக்குவது என்ற கேள்விகளை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். பதத்தில் இருக்கும் ஒரே ஒரு கமம்பேர், பதம் தவறிய ஏழு சீஸ்களைவிட நல்ல விருந்து. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் பதத்தைப் பிடிப்பதைப் பற்றியதுதான்.

முதலில் குடும்பங்களை அறிந்துகொள்ளுங்கள்

மென்சீஸ் என்பது சூடாக்காமலும் அழுத்திப் பிழியாமலும் செய்யப்படுவது. திரைந்த பாலை அச்சில் ஊற்றினால், தன் எடையிலேயே நீர் வடிந்து அது இறுகுகிறது. அதன் பிறகு மேல்தோலில் என்ன வளரவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வகை பிரிகிறது.

வெண்தோல் சீஸ்கள் முதல் குடும்பம். பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்ற வெள்ளைப் பூஞ்சை மேலே வெல்வெட் போலப் படர்ந்திருக்கும். நார்மண்டியின் கமம்பேர், இதய வடிவ நஃப்ஷத்தேல், பாரிசுக்குக் கிழக்கே உள்ள ப்ரீ த மோ, ப்ரீ த மெலன், ஷாம்பாஞ் பகுதியின் ஷவூர்ஸ் எல்லாம் இதில் அடங்கும். கிரீம் கூடுதலாகச் சேர்த்த பிரியா சவரனும் இங்கேதான் வருகிறது. வெண்ணெயையே சீஸாக்கியது போன்ற அந்த வகையை, மென்சீஸ் பழகாத விருந்தினர்கூடத் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, கழுவிய தோல் சீஸ்கள். பதப்படும் காலத்தில் இவற்றை உப்புநீரால் மீண்டும் மீண்டும் துடைப்பார்கள். அந்த ஈரத்தில் ஆரஞ்சு நிறத் தோலும் காட்டமான மணமும் உருவாகும். அல்சாஸின் மன்ஸ்தேர், நார்மண்டியின் போன் லெவேக், லிவரோ, புர்கோஞ் பகுதியின் எப்வாஸ், அதற்கு வடக்கே லாங்கர் ஆகியவை இவ்வகை. இவற்றின் மணத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். காட்டம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. உள்ளே சுவை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிருதுவாக இருக்கும்.

மூன்றாவது, லுவார் ஆற்றுப் பகுதியின் ஆட்டுப்பால் சீஸ்கள். நடுவே வைக்கோல் தண்டு ஓடும் சேன்த் மோர் த தூரேன், உச்சி வெட்டிய பிரமிடு வடிவிலான வலான்சே ஆகியவை புகழ்பெற்றவை. இரண்டின் மேலும் சாம்பல் பூசியிருக்கும். கரியைப் பொடித்த தூள்தான் அது, தாராளமாகச் சாப்பிடலாம்.

பதம் எப்படி உருவாகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதாகிவிடும். புதிதாகச் செய்த மென்சீஸ் புளிப்பாக, சுண்ணாம்புக்கட்டி போல நொறுங்கும் தன்மையோடு இருக்கும். மேலே வளரும் பூஞ்சை முதலில் அந்தப் புளிப்பின் காரணமான லாக்டிக் அமிலத்தை உண்கிறது. பிறகு புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடுகிறது. தோலுக்கருகே புளிப்புக் குறையக் குறைய, அங்குள்ள கால்சியமும் மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. புரத வலை தளர்ந்து, சீஸ் இளகத் தொடங்குகிறது. ஆகவே பதம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. பாதிப் பதத்தில் இருக்கும் கமம்பேரை வெட்டினால் தோலையொட்டி மஞ்சள் நிறக் களிம்பும், நடுவே வெள்ளைக் கோடும் தெரியும். அந்த வெள்ளைக் கோடு மறையும் நாளே முழுப் பதம்.

முழுப் பதம்தான் சிறந்தது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நார்மண்டியிலேயே நடுவில் சற்று வெள்ளை இருக்கும்போது சாப்பிட விரும்புகிறவர்கள் நிறையப் பேர். என் விருப்பமும் அதுவே. புளிப்பும் கிரீம் சுவையும் ஒரே துண்டில் கிடைக்கும் நிலை அது. ஷவூர்ஸைப் பொறுத்தவரை இன்னும் உறுதியாகச் சொல்வேன்: நடுப்பகுதி பஞ்சுபோல் இருக்கும்போதே அதைச் சாப்பிட்டுவிட வேண்டும்.

பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கும் தொழிற்சாலைக் கமம்பேர், ப்ரீ பலவற்றில் இந்த மாற்றமே நிகழ்வதில்லை. புளிப்பு ஏறாதவாறு செய்முறையை மாற்றி, வாங்கிய நாளிலும் மூன்று வாரம் கழித்தும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்திருப்பார்கள். கெட்டுப்போகும் பயம் இல்லை, உண்மைதான். ஆனால் உச்சம் என்று ஒன்றும் அதற்கு இல்லை. அதைத் தட்டில் வைத்து மரபுச் சீஸின் சுவையை எதிர்பார்ப்பது வீண்.

லேபிளைப் படியுங்கள்

ஏ.ஓ.பி. என்ற முத்திரையை முதலில் தேடுங்கள். இன்ன ஊரில், இன்ன முறையில் செய்தது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் பாதுகாப்பு அது. அதற்கு முன்னோடியான பிரெஞ்சு முத்திரை ஏ.ஓ.சி. நஃப்ஷத்தேல் 1969-இலும், ப்ரீ த மோ 1980-இலும், கமம்பேர் த நார்மண்டி 1983-இலும், எப்வாஸ் 1991-இலும் அதைப் பெற்றன. "ப்ரீ" என்ற தனிச் சொல்லையும் "கமம்பேர்" என்ற தனிச் சொல்லையும் உலகில் யாரும் பயன்படுத்தலாம். "த மோ", "த நார்மண்டி" என்ற ஒட்டுதான் பொருளுக்குச் சாட்சி.

கமம்பேர் த நார்மண்டிக்கான விதிகள் கண்டிப்பானவை. காய்ச்சாத பாலில்தான் செய்ய வேண்டும். திரைந்த பாலைக் கரண்டியால் குறைந்தது ஐந்து முறை, இடைவெளி விட்டு, அடுக்கடுக்காக அச்சில் ஊற்ற வேண்டும். எடை 250 கிராமுக்குக் குறையக் கூடாது. லேபிளில் "லே க்ரூ" என்றிருந்தால் காய்ச்சாத பால் என்று பொருள். "மூலே அ லா லூஷ்" என்றிருந்தால் கரண்டியால் வார்த்தது. இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பாலைத் திரைய வைக்கும் ரெனெட் மரபுமுறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பிரெஞ்சு லேபிளில் அது "ப்ரெசூர்" என்று வரும். ஏ.ஓ.பி. சீஸ்களில் பெரும்பாலானவற்றில் அதுதான் இருக்கும். வீட்டுக்கு வருபவர் சைவம் என்றால், தாவர அல்லது நுண்ணுயிர் நொதி சேர்த்தது என்று எழுதியிருக்கும் சீஸைத் தனியாக வாங்கி, அதைத் தனித் தட்டில் வையுங்கள். மது தவிர்ப்பவர்களிடம் எப்வாஸைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அதன் தோலை மார் த புர்கோஞ் என்ற திராட்சைச் சாராயம் கலந்த நீரால் கழுவுகிறார்கள்.

உடல்நலம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சாத பாலில் செய்த மென்சீஸில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், முதியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, காய்ச்சிய பாலில் செய்ததாக இருந்தாலும் வெண்தோல், கழுவிய தோல் வகைகள் ஏற்றவை அல்ல. உள்வரை கொதிக்கச் சூடாக்கினால் மட்டுமே விதிவிலக்கு.

கடையில் பதம் பார்ப்பது

ஃப்ரோமஜரி என்ற சீஸ் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?" இன்று இரவுக்கா, சனிக்கிழமைக்கா என்பதற்கு ஏற்ப வேறு வேறு துண்டை எடுத்துத் தருவார். நல்ல கடைக்கு அடையாளமே இந்தக் கேள்விதான். பதிலை நாள், வேளை இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரான்சில் கமம்பேர் பெட்டியைத் திறந்து பார்ப்பதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கும் அதே மென்மையோடு, காகிதத்தின் மேலாகக் கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். ஓரமும் நடுவும் ஒரே அளவில் இணங்கினால் முழுப் பதம். ஓரம் இணங்கி நடு விறைத்து நின்றால் இன்னும் சில நாள் வேண்டும். நடுப்பகுதி குழிந்து, ஓரம் காய்ந்து விறைத்திருந்தால் காலம் கடந்துவிட்டது, வேண்டாம்.

தோலில் செம்பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் தயங்காதீர்கள். காய்ச்சாத பால் கமம்பேரில் அவை பக்குவத்தின் அறிகுறி. மாறாக, அப்பழுக்கற்ற சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அது இன்னும் இளசு. பிறகு முகர்ந்து பாருங்கள். காளான், ஈர மண், வெண்ணெய், கொஞ்சம் முட்டைக்கோஸ் மணம் வருவது இயல்பு. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வந்தால் வைத்துவிடுங்கள். காகிதத்தைப் பிரித்ததும் லேசாக வரும் அம்மோனியா வேறு. அது அரை மணி நேரக் காற்றில் போய்விடும்.

இன்னொன்று, இயன்றவரை முழுதாக வாங்குங்கள். வெட்டிய மென்சீஸ் உலர்வதும் ஒழுகுவதும்தான் உண்டே தவிர, ஒழுங்காகப் பதப்படுவதில்லை. ப்ரீ த மோ மட்டும் விலக்கு. 36 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட அந்தச் சக்கரத்தை ஒரு குடும்பம் முழுதாக வாங்க முடியாது. ஆகவே ப்ரீயை மட்டும் ஏற்கெனவே பதமான நிலையில், சாப்பிடும் நாளன்றே வெட்டி வாங்க வேண்டும். பாரிசில் வாழும் தமிழர்களுக்கு ஒரு யோசனை. லா ஷப்பேல் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் கார் த லெஸ்த் நிலையத்தில் மோ நகரத்துக்கு ரயில் கிடைக்கும். பெயர் பெற்ற ஊரிலேயே ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

பருவத்தையும் பாருங்கள். ஆட்டுப்பால் சீஸ்கள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை சிறப்பு. எப்வாஸும் மன்ஸ்தேரும் குளிர் தொடங்கும்போது ருசி கூடும். ஜுரா மலைப்பகுதியின் மோன் தோர் செப்டம்பர் 10 முதல் மே 10 வரை மட்டுமே விற்பனைக்கு வரும். அது கிடைக்கும் நாட்களில் கிறிஸ்துமஸ் தட்டில் வேறெதையும் நான் வைக்க விரும்புவதில்லை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டை சுற்றிய அந்தச் சீஸை மேல்தோலை நீக்கிவிட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

எத்தனை வகை, எவ்வளவு

உணவுக்குப் பின் என்றால் ஆளுக்கு 60 முதல் 80 கிராம். சீஸும் ரொட்டியும் சாலடும் மட்டுமே இரவுச் சாப்பாடு என்றால் 150 முதல் 200 கிராம்.

ஆறு பேருக்கு மூன்று வகை போதும். ஒரு கமம்பேர், ஒரு சேன்த் மோரில் பாதி, சிறிய லாங்கர் ஒன்று. மூன்று குடும்பங்களும் வந்துவிட்டன. பால் வேறு, தோல் வேறு, வடிவமும் வேறு. ஐந்து வகை வைக்க ஆசைப்பட்டால் பிரியா சவரனையும் போன் லெவேக்கையும் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும். முதலில் வாங்க நினைத்தது கடையில் பதமாக இல்லையென்றால் பட்டியலை மாற்றுங்கள். பட்டியலுக்காகப் பதமற்றதை வாங்காதீர்கள்.

குளிரை நீக்குவது

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே வந்த சீஸில் கொழுப்பு இறுகியிருக்கும், மணம் அடங்கியிருக்கும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். சிறிய ஆட்டுப்பால் சீஸுக்கு அரை மணி நேரம் போதும். வெயில் காலத்தில் அறை 30 டிகிரியைத் தொட்டால் எல்லாவற்றுக்கும் 20 நிமிடமே அதிகபட்சம். அதைத் தாண்டினால் பிரியா சவரன் வியர்த்து வழியும். எடுத்தவுடன் காகிதத்தை முழுவதும் பிரித்துவிடாமல், மேலே தளர்வாக மூடியபடி வையுங்கள். இல்லையென்றால் வெட்டிய முகம் காய்ந்துவிடும்.

தட்டை அடுக்குவது

மரப்பலகை, கல், பீங்கான் எதுவானாலும் சரி. சீஸ்கள் ஒன்றையொன்று தொடாமல் இடம் விடுங்கள். மணம் கலக்காமல் இருக்கவும், கத்திக்கு வழி கிடைக்கவும் அது தேவை. மென்மையானதில் தொடங்கிக் காட்டமானதில் முடியுமாறு கடிகார முள் சுற்றும் திசையில் வையுங்கள். ஆட்டுப்பால் சீஸ், பிரியா சவரன், கமம்பேர், போன் லெவேக், கடைசியில் எப்வாஸ் அல்லது லாங்கர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி இருக்கட்டும். லாங்கரின் காட்டம் ஆட்டுப்பால் சீஸில் ஒட்டிக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும்.

வெட்டும் முறை

இங்கே ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. மென்சீஸின் நடுப்பகுதி ஒரு சுவை, தோலோரம் இன்னொரு சுவை. எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கும்படி வெட்ட வேண்டும் என்பதே பிரெஞ்சு மேசையின் விதி.

வட்டமான கமம்பேர், ஷவூர்ஸ், லாங்கர் ஆகியவற்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். சதுரமான போன் லெவேக்கை மூலைவிட்டங்களில் நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் மீண்டும் நடுவே பிரியுங்கள். சேன்த் மோரில் முதலில் வைக்கோலை உருவிவிட்டு, குறுக்கே ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வில்லைகளாக அறுங்கள். வலான்சேயை உச்சியிலிருந்து அடிவரை செங்குத்தாகத் துண்டுபோடுங்கள். நஃப்ஷத்தேல் இதயத்தை நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்து, பிறகு சரிவாக வெட்ட வேண்டும்.

ப்ரீயின் நீண்ட முக்கோணத் துண்டில்தான் பலர் தவறுகிறார்கள். கூர்முனை சக்கரத்தின் நடுப்பகுதி, பலரும் விரும்புவது. அதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு மிஞ்சுவது தோல்தான். பிரெஞ்சுக்காரர்கள் இதை மூக்கை அறுப்பது என்பார்கள், விருந்தில் முகம் சுளிக்க வைக்கும் செயல் அது. நீளவாக்கில், நுனியிலிருந்து தோல்வரை மெல்லிய கீற்றாக ஒரு பக்கமிருந்து வெட்டி எடுங்கள்.

மெல்லிய அலகு கொண்ட கத்தி, அல்லது அலகில் துளைகள் உள்ள கத்தி ஒட்டாமல் இறங்கும். வேறு வழியில்லை என்றால் சாதாரணக் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டலாம்.

சுவைக்கும் முறை

ஒரு வாய் ரொட்டியைப் பிய்த்து, அதன் மேல் சீஸ் துண்டை வையுங்கள். வெண்ணெய் போலத் தேய்க்காதீர்கள், அதன் இழைவு அழிந்துவிடும். முதல் வாயை ரொட்டி இல்லாமல் சாப்பிடச் சொல்வேன். முதலில் உள்பகுதி மட்டும், அடுத்த வாய் தோலோடு. வெண்தோல் முழுவதும் சாப்பிடக்கூடியது. காளான் மணமும் மெல்லிய கசப்பும் அங்கேதான் இருக்கின்றன. கழுவிய தோல் அவரவர் விருப்பம். வேண்டாம் என்றால் உங்கள் தட்டில் ஒதுக்கிவையுங்கள், பொதுத் தட்டில் தோலை விட்டுச்செல்லக் கூடாது.

மரபான விருந்தில் சீஸ் தட்டு ஒரே ஒரு சுற்றுதான் வரும். இரண்டாம் முறை கேட்டால் முதன்மை உணவு போதவில்லை என்று சொல்வதாக ஆகிவிடும். நண்பர்கள் கூடும் மேசையில் இதெல்லாம் பார்ப்பதில்லை.

உடன் என்ன

ரொட்டி போதும். பகெத், அல்லது புளித்த மாவில் செய்த நாட்டுப்புற ரொட்டி. வால்நட் கலந்த ரொட்டி ஆட்டுப்பால் சீஸுக்கு மிகப் பொருத்தம். பேரிக்காய், அத்திப்பழம், சில வால்நட் பருப்புகள், ஆட்டுப்பால் சீஸுக்குத் துளி தேன். பூண்டும் மூலிகையும் போட்ட பிஸ்கட்டுகளை ஒதுக்குங்கள். மன்ஸ்தேருக்கு அல்சாஸில் சீரகம் தொட்டுச் சாப்பிடுவார்கள். சீரகத்தை அன்றாடம் புழங்கும் நமக்கு அந்த இணை சட்டென்று பிடித்துப்போகும்.

சிவப்பு வைன்தான் சீஸுக்கு ஏற்றது என்பது பரவலான எண்ணம். மென்சீஸுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன், வெண்தோலோடு சேரும்போது கசப்பாகவும் உலோகச் சுவையாகவும் மாறிவிடும். கமம்பேருக்கு நார்மண்டியின் சிதர் என்ற ஆப்பிள் மது, ஆட்டுப்பால் சீஸுக்கு லுவார் பகுதியின் சான்சேர் வெள்ளை வைன், மன்ஸ்தேருக்கு அல்சாஸின் கெவுர்ஸ்திராமினர் வெள்ளை வைன் என்று அந்தந்த மண்ணின் பானத்தையே நாடுங்கள். லாங்கரைப் பதப்படுத்தும்போது திருப்பிப் போடுவதில்லை, அதனால் அதன் உச்சியில் குழி விழுகிறது. அந்தக் குழியில் சில துளி ஷாம்பெய்ன் ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். மது வேண்டாதவர்களுக்கு வடிகட்டாத ஆப்பிள் சாறு, அல்லது பால் சேர்க்காத சூடான தேநீர் அருமையாக இசையும். பனிக்கட்டி போட்ட பானங்கள் வேண்டாம். குளிர்ந்த வாயில் கொழுப்பு இறுகிச் சுவை தெரியாமல் போகும்.

மிஞ்சியதைப் பேணுவது

மிஞ்சிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அது வந்த காகிதத்திலேயே சுற்றுங்கள். அது கிழிந்துவிட்டால் மெழுகுக் காகிதம். பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால் மூச்சுமுட்டி, அம்மோனியா சேர்ந்துவிடும். மரப்பெட்டியில் வந்தது மரப்பெட்டிக்கே திரும்பட்டும். குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் கீழறை ஏற்ற இடம். உறைய வைக்காதீர்கள், நீர் பிரிந்து மாவாகிவிடும்.

வெட்டிய மென்சீஸை இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். கமம்பேர், லாங்கர் துண்டுகளை வெந்த உருளைக்கிழங்கைப் பிளந்து அதன் மேல் வைத்து அடுப்பில் உருக்கலாம். காய்ந்துபோன ஆட்டுப்பால் சீஸ் வில்லையை ரொட்டித் துண்டின் மேல் வாட்டிப் பச்சை இலைச் சாலடோடு வைத்தால் மறுநாள் மதியச் சாப்பாடு ஆயிற்று.